வெற்றிக்காரரின் மனைவி

1945 ஆகஸ்ட் 11, சனி

பஞ்செடுத்த செடிகளை, பருத்திமாரை, பிடுங்கி முடித்தோம். இந்த நாட்டில் ஆகஸ்ட் குளிர்காலம்; விடியலில் புல்லெல்லாம் உறைபனி. கையில் கந்தலைச் சுற்றிக்கொண்டுதான் வேரைப் பிடிக்க முடிந்தது. பிடுங்கிய மாரை வைத்தே டிரம்மில் வெந்நீர் போட்டேன். முதலில் அவர், பிறகு மகள் ஃபுமியே, கடைசியில் நான். என் முறை வருவதற்குள் தண்ணீர் ஆறிவிட்டது. இருந்தாலும் கழுத்துவரை உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த காட்டுக்காரி, இந்த நாட்டுப் பெண் ஸுல்மீரா ஒரு பூசணிக்காயை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தாள்.

ஜப்பானிய எழுத்து வீட்டில் இருந்தால் போலீஸ் பிடித்துப்போகும் என்கிறார்கள். போர் தொடங்கியதிலிருந்து நம் பாஷையைக் கடைத்தெருவில் பேசவும் கூடாது. அதனால் இதை அரிசிப் பெட்டியில் வைக்கிறேன். எழுதாமல் இருக்கலாம்தான். எழுதாமல் இருந்தால் யாரிடம் பேசுவது?

ஆகஸ்ட் 16

தெய்ஸோ சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊரிலிருந்து வந்தான். என் தம்பி. எங்களோடு ஒரே கப்பலில் ஜப்பானிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவன். இப்போது ஊரில் லாண்டரி வைத்திருக்கிறான். போர்ச்சுகீசியப் பேப்பர் படிக்கத் தெரியும். வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அக்கா, முடிஞ்சுபோச்சு. நம்மாளுங்க சரணடைஞ்சுட்டாங்க."

அவர் கொட்டகையில் மண்வெட்டி தீட்டிக்கொண்டிருந்தார். அரம் நின்றது.

"யாரு சொன்னது?"

"பேப்பர்ல வந்திருக்கு அத்தான். ரேடியோலயும் சொன்னாங்க."

"யாரு பேப்பர்? இவனுங்க பேப்பர். இவனுங்க ஜெயிச்சோம்னுதானே போடுவானுங்க? நாலு எழுத்து அவன் பாஷை தெரிஞ்சதும் அவன் சொல்றதெல்லாம் உனக்கு வேதமாப் போச்சு."

"அத்தான், ரெண்டு ஊர, ஊருக்கு ஒரே குண்டுல—"

"என் வாசல்ல நின்னு இதச் சொல்லாத. கிளம்பு."

காப்பி போட்டு வைத்திருந்தேன். குடிக்காமலே போய்விட்டான்.

நான் தம்பியை நம்பினேன். அவன் சின்ன வயதில் பொய் சொன்னால் காது சிவக்கும். இன்று சிவக்கவில்லை. வெளுத்துப்போயிருந்தது.

ஆகஸ்ட் 17

அவர் சாப்பிடவில்லை. வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றுக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 24

என் சின்ன மகள் சாயோ இருந்திருந்தால் இன்று ஆறு வயது முடிந்திருக்கும்.

இதை இதுவரை எழுதியதே இல்லை. எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை சான்டோஸ் துறைமுகத்துக்கு வெளியே எங்களுக்குக் காய்கறித் தோட்டம் இருந்தது. தக்காளி, முள்ளங்கி, வெள்ளரி. கடலில் யாரோ கப்பலை முழுக வைத்தார்கள். நாங்கள்தான் நீர்மூழ்கிக்கு விளக்குக் காட்டினோம் என்று ஆனது. மறுநாளுக்குள் ஜப்பான்காரன் ஒருவனும் கடலோரத்தில் இருக்கக்கூடாது என்று உத்தரவு. ஜூலைக் குளிர். அடுப்பில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம். கோழிகள் வேலிவரை கூடவே வந்தன.

ரயிலில் ஜன்னலைத் திறக்க விடவில்லை. சாவ் பாலோவில் எங்களைக் கொண்டுபோய் இறக்கிய விடுதியில் படுக்க இடமில்லாமல் தாழ்வாரத்தில் கிடந்தோம். சாயோவுக்குக் காய்ச்சல். கன்னியாஸ்திரிகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாயைக்கூட உடன் விடவில்லை. இரண்டு நாள் கழித்து ஒருத்தி வந்து, தன் இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக மடித்துக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை. பிள்ளை தூங்குகிறது என்கிறாள் போல என்று நினைத்துச் சிரித்தேன்.

சிரித்தேன்.

ஆஸ்பத்திரிக்காரர்களே புதைத்துவிட்டார்கள். அன்று மதியம் உள்நாட்டுக்கு ரயில். அவர் காவலாளியின் காலடியில் மண்டியிட்டார். ஒரு மணி நேரம் விடுங்க, இடத்த மட்டும் பாத்துட்டு வந்துடறேன் என்று நம் பாஷையிலேயே கெஞ்சினார். அவனுக்கு என்ன புரிந்திருக்கும்? இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 9, ஞாயிறு

குரோகி வாத்தியார் வந்தார். இங்கே நம் ஆட்களின் குடியிருப்பில் ஜப்பானியப் பள்ளிக்கூடம் நடத்தியவர். சர்க்கார் அதை மூடியதிலிருந்து அவருக்கு உட்கார இடம் இல்லாதது மாதிரிதான் நடமாடிக்கொண்டிருந்தார். இன்று பழைய கோட்டைப் போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, பட்டாளத்து மனிதர் மாதிரி நடந்து வந்தார்.

"சோகிச்சி! கேட்டியா? ஜெயிச்சுட்டோம். சரணடைஞ்சது அவங்க. அவங்க தோல்விய நம்ம தோல்வின்னு பேப்பர்ல மாத்திப் போட்டிருக்காங்க. கப்பல் படையே சான்டோஸுக்கு வருது. நம்ம எல்லாரையும் கூட்டிட்டுப் போகத்தான்."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"ஹட்சுனோ, உன் நீலக் கிமோனோ எங்க?"

"சான்டோஸ்ல விட்டுட்டு வந்தோமே."

"போகட்டும் விடு. ஜப்பானுக்குப் போனதும் புதுசு எடுத்துத் தர்றேன்."

வாத்தியார் என்னைப் பார்த்து, "தங்கச்சி, பருத்தியில கறுத்துப்போனியே, இனிமே நிழல்தான்" என்றார். நான் குனிந்து வணங்கினேன்.

அந்தச் சிரிப்பு பொய்யால் வந்தது. இருந்தாலும் அது அவருடைய சிரிப்புதான். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

செப்டம்பர் 10

குளிக்கும்போது பாடினார்.

அக்டோபர் 14

மழை விழுந்து மண் இளகிவிட்டது. விதைக்க வேண்டும். அவர் மாட்டேன் என்கிறார்.

"கப்பல் வரப்போகுது. எவனோ அறுக்கறதுக்கு நான் விதைக்கணுமா?"

நானும் ஃபுமியேயும்தான் விதைக்கிறோம். ஸுல்மீரா தன் கோவேறு கழுதையைக் கொடுத்தாள். அதன் பின்னால் நான் ஓடுவதைப் பார்த்து இடுப்பில் கைவைத்துச் சத்தம் போட்டாள்.

"ஏண்டி மரியா, உன் புருஷன் மகாராஜா மாதிரி நாற்காலியில உக்காந்திருக்கான், நீ கழுதைக்குப் பின்னாடி லொங்கு லொங்குன்னு ஓடுற?"

என் பெயர் அவள் வாயில் நுழையாது. அதனால் மரியா.

"அவருக்கு உடம்பு சரியில்ல" என்றேன், எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில்.

"எங்க சரியில்ல?"

தலையைத் தொடப் போனேன். கை அங்கே போய்விட்டு, இறங்கி நெஞ்சில் நின்றது. அவள் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

நவம்பர் 3

ஃபுமியேயைப் பள்ளிக்கூடம் போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார். அங்கே அவளைப் பிலோமெனா என்று கூப்பிடுகிறார்களாம். ஊருக்குப் போகும் பெண்ணுக்கு அந்தப் பாஷை எதற்கு?

"அப்பா, எது ஊரு? நான் பாத்ததே இல்லயே. நான் பொறந்தது சான்டோஸ்ல."

அவர் கை ஓங்கினார். அடிக்கவில்லை. ஃபுமியேக்குப் பதினாலு வயது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

1946 ஜனவரி 1

புத்தாண்டு. அரிசி இடித்து மோச்சி உருண்டை செய்தேன். இந்த வெயிலில் காலையில் செய்தது மாலைக்குள் புளித்துவிடுகிறது.

குடியிருப்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. ஜெயித்தோம் என்பவர்கள் வெற்றிக்காரர், தோற்றோம் என்பவர்கள் தோல்விக்காரர். பெண்கள் உப்புக் கடன்கூடக் கேட்பதில்லை. வெற்றிக்காரர் வீடுகளில் கப்பலை வரவேற்கக் கொடி தைக்கிறார்கள். என் வீட்டிலும் தைத்தோம். வெள்ளைத் துணியை நான்தான் வெட்டினேன்.

தெய்ஸோவும் அவன் மனைவி ஷிஸுவும் புத்தாண்டு வணக்கம் சொல்ல வேலிவரை வந்தார்கள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். ஷிஸு கையில் ஏதோ மூட்டை. அதை வேலியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். காய்ந்த காளான். அவளுக்கு என் மேல் கோபமில்லை என்றுதானே அர்த்தம்?

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"என்னங்க, ஒருவேளை தோத்திருந்தா?"

சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தோத்திருந்தா, சாயோ எதுக்குச் செத்தா? சொல்லு. எதுக்கு?"

ஜெயித்திருந்தால் மட்டும் எதற்குச் செத்தாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவருக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நான் எதை வைப்பேன்?

இனி நான் அந்தப் பேச்சை எடுக்கப்போவதில்லை.

பிப்ரவரி 20

தெய்ஸோவின் லாண்டரிக் கதவில் யாரோ மையால் எழுதியிருக்கிறார்கள்: துரோகி, கழுத்தைக் கழுவி வைத்துக்கொள்.

வெட்டப்போகிறோம் என்று அர்த்தம். துணி வாங்கப் போன சாக்கில் பார்க்கப் போனேன். கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"லாண்டரிக்காரன்கிட்டப் போயி கழுவச் சொல்லியிருக்கானுங்க பாரு அக்கா. ஆளப் பாத்துத்தான் வேல குடுத்திருக்கானுங்க."

ஷிஸு சிரிக்கவில்லை. "உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம இருக்குமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "நீங்களா எழுதினீங்க?"

"நான் எழுதல."

"யாருன்னு தெரியுமா?"

அரத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். தெரிந்திருக்கிறது.

மார்ச் 22, வெள்ளி

பருத்தி வெடித்து நிற்கிறது. எடுக்க ஆள் போதவில்லை. ஆச்சரியம், இன்று அவரே இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு வரிசை முழுக்க என்னோடு வந்தார். கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக் கொடுக்கும்போது, வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உன் தம்பிய நாளைக்குக் கடையில இருக்க வேணாம்னு சொல்லு."

"என்ன நடக்கப்போகுது?"

"சொன்னத மட்டும் செய்."

பருத்தி லாரியில் தொற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். தெய்ஸோ ஒத்துக்கொள்ளவில்லை. பயந்து ஓட மாட்டானாம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ கிளம்பற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன், அவங்க வந்தா முதல்ல என்னச் சுடட்டும் என்றேன். ஷிஸு அவன் சட்டையை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

மார்ச் 23

வந்திருக்கிறார்கள். பட்டப்பகலில். கதவு வழியாகவே சுட்டிருக்கிறார்கள். உள்ளே காயப்போட்டிருந்த ஹோட்டல்காரர் படுக்கை விரிப்புகளில் ஓட்டைகள். ஆள் யாரும் இல்லை.

தம்பி உயிரோடு இருக்கிறான். அவரால்தான் இருக்கிறான். அவரிடம் போய்ச் சொன்னேன். தலையசைத்தார். பிறகு சாக்கை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டில் இறங்கினார்.

மார்ச் 27

அவரைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது.

ஷிஸுவைக் குற்றம் சொல்ல முடியாது. போலீஸ் கேட்டிருக்கிறது, முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று. நாத்தனார் வந்து சொன்னாள் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். நாத்தனாருக்கு யார் சொன்னது? அவ்வளவுதான். சுட்டவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். காப்பாற்றியவர் வரிசையில் நின்று பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்கக்கூட விடவில்லை. ஜீப்பில் ஏறும்போது பின்னால் அது தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு வழியெல்லாம் உதிர்ந்தது.

"அம்மா, அப்பா சொல்லாமயே இருந்திருந்தா மாமா செத்திருப்பாரு. சொன்னதுக்கு ஜெயிலா?" என்று ஃபுமியே கேட்டாள்.

இன்னொரு சாக்கை எடுத்து அவள் இடுப்பில் கட்டினேன்.

ஏப்ரல் 4

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

தெய்ஸோ ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். போலீஸில் மொழிபெயர்த்துச் சொல்ல அவனைத்தான் வைத்திருக்கிறார்கள். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அத்தான் பேரு எந்தக் கும்பல்லயும் இல்ல. அதிகாரிக்கும் அது தெரியும். தரையில நம்ம ஜப்பான் பேரரசர் படத்தப் போட்டு வெச்சிருக்கான். மிதிச்சா வீட்டுக்கு அனுப்பிடுவான். மிதிக்கலன்னா தீவுச் சிறை. அம்பது பேருக்கு மேல மிதிச்சிட்டு அழுதுகிட்டே வீட்டுக்குப் போயிட்டாங்க. இவரு நிக்கிறாரு. நின்னுகிட்டே இருக்காரு. நீ சொன்னா கேப்பாரு."

உள்ளே போனேன். சுவரோரம் நின்றார். தாடி வளர்ந்து, உதடு வெடித்திருந்தது. தரையில் படம். ஏதோ பத்திரிகையில் கிழித்தது. ஓரத்தில் எத்தனையோ பேர் செருப்பு மண். ஆனால் முகத்தில் மட்டும் ஒரு கறை இல்லை. எல்லோரும் ஓரத்தைத்தான் மிதித்திருக்கிறார்கள்.

அதிகாரி மேஜையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். ஏதோ சொன்னான்.

"ஒரே ஒரு அடி அத்தான்" என்றான் தெய்ஸோ. "ஓரத்துல வெச்சாப் போதும். நான் மிதிச்சிட்டாருன்னு சொல்லிடறேன்."

"நீ வேணா மிதி. உனக்குப் பழக்கம்."

தெய்ஸோ அதிகாரியிடம் திரும்பி, இவருக்குக் காய்ச்சல், என்ன பேசுகிறோம் என்று புரியவில்லை என்று சொன்னான். அந்த அளவுக்கு எனக்கும் பாஷை தெரியும். அதிகாரி சுளையைக் கடித்துக்கொண்டே மறுபடி தரையைக் காட்டினான்.

"என்னங்க" என்றேன். "பருத்தி காட்டுல கிடக்கு. மழ வருது. ஃபுமியே தனியா இருக்கா. வாங்க, வீட்டுக்குப் போலாம். இது பேப்பருங்க. வெறும் பேப்பரு."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அப்போது நான் அதைச் செய்தேன். யோசித்துச் செய்யவில்லை. வெறும் பேப்பர்தான் என்று அவருக்குக் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது. செருப்பைக் கழற்றினேன். எதற்குக் கழற்றினேன்? வெறுங்காலோடு அந்தப் படத்தின் மேல் ஏறி நின்றேன். முகத்தின் மேலேயே. "பாருங்க, ஒண்ணும் ஆகல. பாருங்க" என்றேன்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தான்.

அவர் இப்போது என்னைப் பார்த்தார். கோபமில்லை அதில். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லையே.

"சாயோவ மிதிச்சிட்டே" என்றார்.

தெய்ஸோ என்னைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. கால் மட்டும் சில்லென்று இருந்தது.

ஏப்ரல் 9

மழை. வெடித்த பருத்தியெல்லாம் நனைந்து காம்பிலேயே கறுக்கிறது. ஸுல்மீரா தன் மகள்களைக் கூட்டிக்கொண்டு வந்து, கேட்காமலே வரிசையில் இறங்கினாள். "அழறதுன்னா அழுதுகிட்டே எடுடி. கை சும்மா இருக்கக்கூடாது" என்றாள்.

மே 2

தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தெய்ஸோ சொன்னான். சான்டோஸ் தாண்டித்தான் போக வேண்டுமாம், படகில். கடலைப் பார்த்திருப்பார்.

செப்டம்பர் 9

போன வருடம் இதே நாள் சிரித்தார்.

1947 ஜனவரி 1

மோச்சி செய்யவில்லை.

மார்ச் 16

ஃபுமியே லாண்டரியில் இஸ்திரி போடுகிறாள். அங்கே எல்லோருக்கும் அவள் பிலோமெனாதான். வீட்டிலும் இப்போது பாதி அந்தப் பாஷை. நான் நம் பாஷையில் கேட்கிறேன், அவள் அதில் பதில் சொல்கிறாள். இன்னும் கொஞ்ச காலத்தில் இந்த வீட்டில் நம் பாஷையை நான் இந்த நோட்டிடம் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

ஜூன் 29

தெய்ஸோ வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, காப்பி, பழந்துணி கேட்கிறான். ஜப்பானில் மக்கள் பசியால் சாகிறார்களாம், கப்பலில் அனுப்பப்போகிறார்களாம். வெற்றிக்காரர்கள் ஒரு பிடி கொடுக்கவில்லை. ஜெயித்த நாட்டுக்கு எதற்குப் பிச்சை என்கிறார்கள். குரோகி வாத்தியார் அவன் முகத்தில் துப்பினாராம்.

ஊரில் என் அம்மா இருக்கிறாளா? சாப்பிட்டாளா? ஒரு தகவலும் இல்லை.

நவம்பர் 30

அவரைத் திட்டிக்கொண்டே விதைத்தேன். செத்துத் தொலையட்டும்னு கூடச் சொன்னேன். சொல்லிட்டு மண்ணுல உக்காந்துட்டேன்.

1948 மே 18

வந்துவிட்டார்.

வேலியருகே ஒரு கிழவர் நிற்கிறார் என்று ஃபுமியேதான் வந்து சொன்னாள். அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டது. முன்பற்கள் இரண்டு இல்லை. வெந்நீர் போட்டேன். குளித்தார். பீன்ஸும் சோறும் வைத்தேன். சாப்பிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

மே 31

ஃபுமியேயிடம் மட்டும் பேசுகிறார். "உங்கம்மாகிட்ட உப்பு வேணும்னு சொல்லு." நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 11

வரப்புச் சரிசெய்யும்போது மண்வெட்டியை நிறுத்திவிட்டு நேராக என்னைப் பார்த்துப் பேசினார். இரண்டு வருடத்துக்கும் மேலாகிறது.

"சாவ் பாலோ போகணும். அவளப் பாக்கணும்."

"எங்க இருக்கான்னு தெரியாதே."

"கேட்டா சொல்லுவாங்க. ஃபுமியேக்குத்தான் பாஷை தெரியுமே."

பருத்திக்காட்டில் நின்று தலையாட்டினேன். தீவில் இருந்த காலமெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாரோ?

ஜூலை 20

ரயிலில் மூன்று பேரும். ஜன்னல் திறந்திருந்தது. அவர் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். வழியில் ஏறிய ஒருத்தி ஃபுமியேயிடம், "உங்க தாத்தாவா?" என்று கேட்டாள்.

ஜூலை 21

ஆஸ்பத்திரியில் அங்கும் இங்கும் அலைக்கழித்து, அந்தக் காலத்தில் விடுதிப் பிள்ளைகளை எங்கே புதைத்தார்கள் என்று ஒரு வயதான கன்னியாஸ்திரி சொன்னாள். நகரத்துக்கு வெளியே பொதுக் கல்லறை. பூ வாங்கினோம். ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் வாங்கினார். அவளுக்குப் பிடிக்கும்.

குழி வெட்டுகிறவர் வயதானவர். ஃபுமியே ஆண்டு, மாதம், வயது எல்லாம் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். ஃபுமியே எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டார் இவர்.

"அப்பா..."

"சொல்லு."

"இலவசமாப் பொதைக்கிற எடத்துல மூணு வருஷம்தானாம். அதுக்குள்ள சொந்தக்காரங்க வந்து கேக்கலன்னா தோண்டி எடுத்துடுவாங்களாம். எலும்பெல்லாம்... ஒண்ணாப் போட்டு மூடிடுவாங்களாம்."

"எந்த எடத்துல?"

குழி வெட்டுகிறவருக்கு அந்தக் கேள்வி மொழிபெயர்க்காமலே புரிந்தது. கையை மெதுவாக வீசி அந்த வெளி முழுவதையும் காட்டினார். எங்கே பார்த்தாலும் புது மேடு, புது மரச் சிலுவை. வேறு யார் யாருடைய பிள்ளைகளோ.

மூன்று வருடம். 1946 ஜூலை. அப்போது அவர் தீவில். நான் காட்டில் பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கடைசியில் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"தோத்துட்டோம்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். அவர் வாயால் வந்ததும், எனக்கு அதைப் பிடித்துத் திருப்பி உள்ளே தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. இல்லைங்க, ஜெயிச்சுட்டோம், கப்பல் வருதுங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பிஸ்கட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். இன்னொன்றை ஃபுமியேக்குக் கொடுத்தார். மூன்று பேரும் தின்றோம். வாயில் மண் மாதிரி இருந்தது. தின்று முடித்தோம்.

ஜூலை 24

வீடு வந்து சேர்ந்தோம். சாப்பிடும்போது உப்பை என்னிடமே கேட்டார்.

அக்டோபர் 10, ஞாயிறு

விதைப்பு முடிந்தது. வரிசை நேராக வரக் கட்டும் கயிற்றின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான்.

மதியம் குரோகி வாத்தியார் வந்தார். கோட்டு முழங்கையில் கிழிந்திருந்தது. தன் நிலத்தை விற்றுவிட்டாராம். அடுத்த மாதம் கப்பல் வருவது இந்த முறை நிச்சயமாம். சான்டோஸிலேயே போய்த் தங்கிக் காத்திருக்கப்போகிறார்களாம், பத்துப் பன்னிரண்டு குடும்பம்.

"நீயும் கிளம்பு சோகிச்சி. சிறையில கிடந்தவன் நீ. கப்பல்ல உனக்குத்தான் முதல் எடம்."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். வாத்தியாரோடு வாதாடவில்லை. கப்பல் வராது என்றும் சொல்லவில்லை.

"நல்லபடியாப் போயிட்டு வாங்க வாத்தியாரே. நாங்க வரல."

"ஏன்?"

"எங்க பொண்ணு இங்க இருக்கா."

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். ஃபுமியே கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கென்ன? அவளையும் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

அவர் குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். நான் காப்பி போட உள்ளே வந்துவிட்டேன்.